வாடிக்கையாளரின் குரலைக் கேட்பவருக்கே முடிவெடுக்கும் உரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம், காக்களூர் தொழிற்பேட்டைகளில் இயங்கும் சிறு தொழிற்கூடங்களுக்கான ஸ்டாக், ஜாப் ஒர்க் (பொருளை வெளியே அனுப்பிச் செய்வித்துக்கொள்ளும் வேலை), பில்லிங் மென்பொருளை நாங்கள் சென்னையில் தயாரிக்கிறோம். வேலைக்குச் சேர வருபவர்களும், கல்லூரி மாணவர்களும், சொந்தத் தொழில் தொடங்க எண்ணுபவர்களும், சில நேரங்களில் எங்கள் வாடிக்கையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, நிறுவனர் என்ற முறையில் நான் தரும் விடைகள் இவை.

வெற்றி என்று எதைச் சொல்கிறீர்கள்?

கணக்கு மென்பொருளைக் குறுந்தகட்டில் வைத்து விற்ற காலத்தில், விற்ற அன்றைக்கே முழு விலையும் கைக்கு வந்துவிடும். வாங்கியவர் அதைப் பயன்படுத்துகிறாரா, மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறாரா என்பது விற்றவரின் வருமானத்தைப் பாதிக்காது. ஆண்டுச் சந்தா முறை வந்தபின் அந்த நிலை மாறிவிட்டது. முதல் ஆண்டுச் சந்தாவின் பெரும்பகுதி, அவரைத் தேடிச் சென்று விளக்குவதற்கும், பழைய கணக்குகளை ஏற்றிக் கொடுப்பதற்கும், அவருடைய ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் செலவாகிவிடுகிறது. இரண்டாம் ஆண்டு அவர் தாமாகவே முன்வந்து புதுப்பிக்கும்போதுதான் எங்கள் உழைப்புக்கு உண்மையான கூலி கிடைக்கிறது. ஆகவே புதுப்பித்தலைத்தான் நான் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

இரண்டாவது அளவுகோல் ஒன்றும் உண்டு. நான் ஊரில் இல்லாத நாளில், ஒரு வாடிக்கையாளரின் சிக்கலுக்கு எங்கள் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவரே முடிவு சொல்ல முடிந்ததா என்பது அது. இவை இரண்டும் வெவ்வேறு அளவுகோல்களாகத் தோன்றினாலும், என் அனுபவத்தில் ஒன்றுதான். விரைவாகவும் பொறுப்பாகவும் பதில் பெற்றவர் புதுப்பிக்கிறார். யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டினார்கள் என்ற எண்ணத்தோடு ஓராண்டைக் கழித்தவர், மென்பொருளில் குறை ஏதும் இல்லாவிட்டாலும் போய்விடுகிறார்.

அப்படியானால் பெரிய முதலீடு திரட்டுவதும் பங்குச் சந்தையில் பட்டியலாவதும் வெற்றி இல்லையா?

அவையும் வெற்றிதான். ஆனால் அவை ஒரு வழியைத் தேர்ந்தெடுத்ததால் வருபவை. எல்லாருக்கும் பொதுவான இலக்கு அல்ல. இதற்கு வெளியூர் எடுத்துக்காட்டுகளைத் தேட வேண்டியதில்லை. ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய கூட்டாளிகளும் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிய மென்பொருள் நிறுவனம், வெளி முதலீட்டாளர்களின் பணத்தைப் பெறாமலேயே, விற்று வந்த வருவாயைக் கொண்டு வளர்ந்தது. அங்கே பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010-இல் சென்னையில் தொடங்கிய, வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் செய்யும் ஃபிரெஷ்டெஸ்க், பின்னாளில் ஃபிரெஷ்வொர்க்ஸ் ஆகி, முதலீட்டாளர்களின் துணையோடு விரைந்து வளர்ந்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஒரே ஊர், ஒரே தொழில், எதிரெதிரான இரண்டு வழிகள். இரண்டிலும் உலகெங்கும் உள்ள சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கு நேரடியாக விற்க முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

எந்த வழி என்பதை உங்கள் வாடிக்கையாளரின் இயல்பு பெருமளவு தீர்மானிக்கிறது. லேத் பட்டறை நடத்துபவர் ஒரு புதிய மென்பொருளை நம்புவதற்குக் காலம் எடுத்துக்கொள்வார். அக்கம்பக்கத்துப் பட்டறையில் அது ஓடுவதைப் பார்த்த பிறகே வாங்குவார். ஆண்டுக்கு மும்மடங்கு வளர்ச்சி கேட்கும் முதலீட்டை வாங்கிக்கொண்டு அவரிடம் போனால், அவருடைய நிதானத்துக்கும் முதலீட்டாளரின் அவசரத்துக்கும் நடுவில் எங்கள் விற்பனைப் பிரிவுதான் நசுங்கும். அதனால் நாங்கள் வெளி முதலீடு பெறவில்லை. மருத்துவக் கருவியோ ராக்கெட்டோ செய்பவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது. ஐஐடி மெட்ராஸில் 2017-இல் உருவான அக்னிகுல் போன்ற ராக்கெட் நிறுவனம், முதல் ரூபாய் வருவாயைப் பார்ப்பதற்கு முன்பே பல ஆண்டுகள் செலவு செய்தாக வேண்டும்.

வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் செய்து கொடுக்க வேண்டுமா?

கேட்பதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். செய்து கொடுப்பது வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

ஒரு பட்டறை உரிமையாளர், "தினமும் சாயங்காலம் மொத்த ஸ்டாக் ரிப்போர்ட்டும் என் வாட்ஸ்அப்புக்கு வர வேண்டும்" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்து கொடுப்பது எளிது. ஆனால் அவருடைய பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தால் வேறொன்று தெரியவரும். அவர் கவலைப்படுவது கிடங்கில் உள்ள சரக்கைப் பற்றியே அல்ல. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் (சூடேற்றி உறுதியாக்கல்) பிளேட்டிங்குக்கும் (உலோகப் பூச்சு) சலான் என்னும் அனுப்புச் சீட்டுப் போட்டு வெளியே அனுப்பிய பொருள்களில் எவை திரும்பி வந்தன, எவை வரவில்லை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய உள்ளீட்டுப் பொருள் ஓராண்டுக்குள்ளும் மூலதனப் பொருள் மூன்றாண்டுக்குள்ளும் திரும்ப வேண்டும், அல்லது ஜாப் ஒர்க் செய்பவரின் இடத்திலிருந்தே விற்கப்பட வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய நாளிலேயே அது விற்கப்பட்டதாகக் கொண்டு வரியும் வட்டியும் விதிக்கப்படும். டை, மோல்டு, ஜிக் போன்ற அச்சுகளுக்கும் பிடிப்புக் கருவிகளுக்கும் இந்தக் கெடு கிடையாது. நூற்றுக்கணக்கான சலான்களுக்கு நடுவே எது கெடுவை நெருங்குகிறது என்று தினசரி ஸ்டாக் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. கெடு முடிவதற்குச் சில வாரங்கள் முன்பாக, அந்த ஒரு சலானைப் பற்றி மட்டும், யாரிடம் பொருள் நிற்கிறது என்ற விவரத்தோடு ஒரு தகவல் வந்தால் அவருடைய கவலை தீரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கிலோ கணக்கில் வெளியே போன கம்பி, உருப்படிக் கணக்கில் திரும்பி வரும். நடுவே துருவலாகவும் வெட்டுத் துண்டாகவும் எடை குறைந்திருக்கும். அந்தக் குறைவு இயல்பானதா, சரக்கு வழியில் காணாமல் போனதா என்பதை அறிய, ஒவ்வொரு உருப்படிக்கும் நிகர எடையும் வழக்கமான கழிவு அளவும் பதிவாகியிருக்க வேண்டும். இதை எந்த வாடிக்கையாளரும் ஒரு வசதியாகக் கேட்டதில்லை. பட்டறையில் நின்று பார்த்தவர்தான் கண்டறிந்தார். அதனால்தான் எங்களிடம் புதிதாகச் சேரும் நிரலாளர்கள், கணினியின் முன் உட்காருவதற்கு முன்பு, சேவைப் பிரிவினரோடு தொழிற்கூடங்களுக்குப் போய் வருகிறார்கள்.

மறுக்க வேண்டியவையும் இருக்கின்றன. ஒரே ஒருவருக்கு மட்டும் பயன்படும் மாற்றத்தை, காரணம் சொல்லி, அன்றே மறுத்துவிடுவது நல்லது. "பார்க்கலாம்" என்று சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்க வைப்பதைவிட அது மரியாதையானது. பில் இல்லாத விற்பனையை மறைக்கவும், போட்ட பதிவைச் சுவடில்லாமல் திருத்தவும் வழி கேட்பவர்களுக்கு எந்தச் சூழலிலும் இசைவதில்லை. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், எந்தப் பதிவை எப்போது மாற்றினாலும் அதன் தடம் அழியாமல் நிற்கும் கணக்கு மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். சட்டம் வருவதற்கு முன்பும் எங்கள் நிலை இதுதான். வருமானம் இழந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

கோபத்தோடு அழைக்கும் வாடிக்கையாளரை எப்படி அணுகுகிறீர்கள்?

ஃபிரெஷ்வொர்க்ஸ் தொடங்கிய கதையைக் கிரிஷ் மாத்ருபூதம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் ஆஸ்டினிலிருந்து சென்னைக்கு வீடு மாற்றியபோது அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது; காப்பீட்டுத் தொகைக்காக மாதக்கணக்கில் முயன்றும் கிடைக்காமல், இணையத்தில் பொதுவில் எழுதிய பிறகே பணம் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளரின் கையில் இருக்கும் ஆற்றல் மாறிவிட்டது என்பது அவர் அதிலிருந்து பெற்ற பாடம். நான் அதே நிகழ்ச்சியை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். பொதுவில் எழுதிய பிறகு கொடுக்க முடிந்த தொகையை, அதற்கு முன்பே கொடுத்திருக்கவும் முடியும். கொடுக்கும் உரிமையுள்ளவரிடம் அந்தக் குரல் போய்ச் சேர்வதற்குத்தான் அத்தனை மாதங்கள் ஆயின.

ஆகவே கோபத்தைத் தணிக்கும் இனிய சொற்களைப் பயிற்றுவிப்பதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. பில் போட முடியாமல் லாரியை வாசலில் நிறுத்தி வைத்திருப்பவர் குரலை உயர்த்துவது இயற்கை. லாரி கிளம்பினால் குரலும் தணியும். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்ற வாக்கியம் எத்தனை குறைவாகச் சொல்லப்படுகிறதோ, அந்த அளவுக்குச் சேவை தேறியிருக்கிறது என்று பொருள். சிக்கல் தீர்ந்த மறுநாள், அதே ஊழியர் தாமாகவே அழைத்து "ஐயா, நேற்றைய பிரச்சனை மறுபடி வந்ததா?" என்று கேட்பதை மட்டும் ஒரு வழக்கமாக வைத்திருக்கிறோம்.

ஒருவர் விலக விரும்பினால்?

அவருடைய கணக்குகள், சலான்கள், பொருள் பட்டியல் அனைத்தையும் எக்செல் கோப்புகளாக அவரே பதிவிறக்கிக்கொள்ளலாம். அதற்கு எங்களிடம் கேட்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. தரவு அவருடையது. போக முடியாமல் தங்கியிருப்பவரை வைத்துக்கொண்டு புதுப்பித்தல் விகிதத்தைப் பற்றிப் பெருமை பேசுவது என்னால் ஏற்க முடியாதது.

எத்தனை பேர் விலகினால் கவலைப்பட வேண்டும்?

மாதம் 3 விழுக்காடு என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் நூறு வாடிக்கையாளர்களில் மாதந்தோறும் 3 விழுக்காட்டினர் விலகினால், 12 மாதங்களின் முடிவில் ஏறத்தாழ 69 பேரே எஞ்சுவார்கள். மாதம் 1 விழுக்காடு என்றால் 88 அல்லது 89 பேர் இருப்பார்கள். மாதம் 3 விழுக்காட்டினரை இழக்கும் நிறுவனம், வளர்வதற்கு முன், இழந்த 31 பேரின் இடத்தை நிரப்பவே ஓராண்டு ஓட வேண்டும். விற்பனைக்கு ஆள் சேர்ப்பதற்கு முன்பு, விலகியவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் காரணம் கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

ஊழியருக்கு அதிகாரம் அளிப்பது என்றால் நடைமுறையில் என்ன?

ஊக்கமூட்டும் பேச்சும், சுவரில் ஒட்டிய வாசகமும் அதிகாரம் ஆகா. எந்த முடிவை, எந்த எல்லை வரை, யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்பது ஊழியருக்குத் தெளிவாகத் தெரிந்திருப்பதே அதிகாரம். எங்கள் சேவைப் பிரிவில் உள்ள ஒருவர், நியாயம் என்று பட்டால், ஒரு மாதச் சந்தாவைத் திருப்பித் தரலாம். சந்தா செலுத்தும் கெடுவை நீட்டித்துத் தரலாம். வெளியாகவிருக்கும் புதிய பதிப்பால் வாடிக்கையாளரின் பில்லிங் பாதிக்கப்படும் என்று கருதினால் அதை நிறுத்தி வைக்கலாம்.

கடைசியாகச் சொன்னது பலருக்கு வியப்பளிக்கிறது. நிரலாளர்கள் பல வாரங்கள் உழைத்த பதிப்பைச் சேவைப் பிரிவினர் நிறுத்துவதா என்று கேட்கிறார்கள். மாதந்தோறும் வரி செலுத்துவோர் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்தைத் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தையும் 20-ஆம் தேதிக்குள் வரி செலுத்துவதற்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாள்களை ஒட்டி எந்தப் புதிய பதிப்பும் வெளியாகக் கூடாது என்ற விதி இன்று எங்களிடம் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர், அந்த நாள்களில் தொலைபேசி எப்படி அலறும் என்பதைத் தம் காதால் கேட்ட சேவைப் பிரிவு ஊழியர் ஒருவர்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-இல் இந்தியாவிலேயே முதலாவதாக டெமிங் பரிசைப் பெற்றது. தரத்துக்காக ஜப்பான் வழங்கும் அந்தப் பரிசுக்குப் பின்னால் இருக்கும் முழுத் தர மேலாண்மை என்னும் முறை, மேலாளர்களின் திட்டத்தோடு நின்றுவிடுவதன்று. எந்திரத்தின் முன் நிற்பவரின் யோசனையைக் கேட்பதும், அதைச் செயல்படுத்தும் பொறுப்பை அவரிடமே தருவதும் அதன் உயிர்நாடி. டொயோட்டா தொழிற்சாலைகளில், குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உதவி கேட்கலாம். உடனே தீர்க்க முடியாவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். கார்களும் பிரேக்குகளும் செய்யும் இந்த மாநகரம் இதை எப்போதோ கற்றுக்கொண்டது. மென்பொருள் துறையினரான நாம்தான் பழைய மஹாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு, அதே ஊரில் கிடைக்கும் இந்த அறிவைத் தேடிப் போவதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. எந்திரங்கள் நீரில் நின்றன. காகிதக் கோப்புகள் ஊறிப் போயின. காப்பீட்டுச் சர்வேயர் முதலில் கேட்பது, வெள்ளத்துக்கு முந்தைய நாளில் எவ்வளவு சரக்கு, என்ன மதிப்பில் இருந்தது என்ற பட்டியலை. எங்கள் சேவைப் பிரிவினர், வாடிக்கையாளர்கள் கேட்கும் முன்பே, அந்த நாளுக்கான ஸ்டாக் பட்டியலை எடுத்து அவரவர் கைப்பேசிக்கு அனுப்பினார்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் சந்தா கேட்பதையும் நிறுத்தி வைத்தார்கள். இரண்டுக்கும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத ஒரு நிலையை உருவாக்கி வைத்திருந்தது மட்டுமே என் பங்கு. அதை நான் என் தொழில் வாழ்க்கையின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக எண்ணுகிறேன்.

அதிகாரத்தோடு இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வர வேண்டும். முடிவெடுப்பவருக்குத் தகவல் தெரிய வேண்டும்: ஒரு வாடிக்கையாளரால் எவ்வளவு வருவாய், அவருக்குச் சேவை செய்ய என்ன செலவு என்பதை மறைத்துவிட்டுச் சரியான முடிவை எதிர்பார்ப்பது நியாயமன்று. அடுத்து, ஊழியர் கொடுத்த வாக்கை மேலே இருப்பவர் மாற்றக் கூடாது. முடிவு எனக்கு உவப்பாக இல்லாதபோதும் வாடிக்கையாளரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டு, பிறகு எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். ஒரே ஒருமுறை மாற்றினாலும், அடுத்த நாளிலிருந்து எல்லாரும் மறுபடி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தினால்?

தவறாகக் கணித்து எடுத்த முடிவும் வேண்டுமென்றே செய்த முறைகேடும் வேறு வேறு. முன்னதற்கு, என்ன தகவல் கையில் இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பார் என்று கேட்டு, அந்தத் தகவலைத் திரையில் தெரியும்படி செய்கிறோம். பின்னதற்கு மன்னிப்பு இல்லை.

பொறியியல் பட்டம் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்வீர்களா?

சேர்த்துக்கொள்கிறோம், விரும்பியே சேர்த்துக்கொள்கிறோம். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்களைக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் முறையை ஸோஹோ இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறது. 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்து, வேலையை மாணவர்களின் ஊருக்கே கொண்டுபோனது. பட்டம்தான் திறமையின் சான்று என்ற நம்பிக்கையை அசைத்துக் காட்டியதற்காக அந்த முயற்சியை நான் மதிக்கிறேன்.

எங்கள் தேவை இன்னும் குறிப்பானது. ஐடிஐயில் டர்னர், ஃபிட்டர் படித்தவருக்கும் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவருக்கும் பட்டறையின் மொழி தெரியும். ரிஜெக்‌ஷன் ஏன் வருகிறது, ஒரே வரைபடத்தின் இரண்டு பதிப்புகள் குழம்பினால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கணினி வேலையைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பட்டறையில் நின்று பெற்ற அறிவை வகுப்பறையில் ஊட்டுவது கடினம். அவர்களில் சிலர் சேவைப் பிரிவிலிருந்து சோதனைப் பிரிவுக்கும், அங்கிருந்து மென்பொருளின் அடுத்த வசதிகளை வடிவமைக்கும் பொறுப்புக்கும் உயர்ந்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் கல்லூரிகளோடு ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டிருப்பது நல்லது. எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் அங்கே போய்ப் பயிற்சி தர முன்வர வேண்டும்.

பெண் ஊழியர்கள் திருமணத்துக்குப் பிறகு விலகிவிடுகிறார்கள் என்கிறார்களே?

விலகுவதற்கான காரணத்தைக் கேட்டால், பெரும்பாலும் வேலையின் சுமையாக இருப்பதில்லை. வேலையின் நேரமாகவே இருக்கிறது. மகப்பேற்று நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு சட்டப்படியான உரிமை. 50 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணியாற்றும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதியும் இருக்க வேண்டும். விடுப்பு முடிந்து திரும்பும் மாதங்கள்தான் உண்மையான சோதனை. காலை ஒன்பது மணிக் கூட்டத்தை பதினொன்றுக்கு மாற்றுவதும், விடுப்புக்கு முன் கையில் இருந்த பொறுப்பையே திரும்பத் தருவதும் பணச் செலவில்லாதவை. திரும்பி வந்தவருக்கு எளிய வேலை கொடுப்பதை அன்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அவருடைய முடிவெடுக்கும் உரிமையைப் பறிப்பது.

ஊழியர்களுக்குப் பங்கு கொடுக்கிறீர்களா?

கொடுக்கிறோம். ஃபிரெஷ்வொர்க்ஸ் பட்டியலானபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள் என்று அதன் நிறுவனர் சொன்னதற்குப் பிறகு, நேர்முகத் தேர்வுக்கு வருபவர்களே இதைக் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் முழு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பங்குரிமை அளித்த நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு கழித்தே அது ஊழியருக்கு உரியதாகும் என்பது கம்பெனி விதி. பெரும்பாலான நிறுவனங்கள் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாக வழங்குகின்றன. குறித்த விலை கொடுத்துப் பங்காக மாற்றும்போது, அன்றைய மதிப்புக்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பளமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகும். பின்னர் விற்கும்போது மூலதன ஆதாய வரி வேறு. பட்டியலாகாத நிறுவனத்தின் பங்கை நினைத்த நேரத்தில் விற்கவும் முடியாது. இவற்றையெல்லாம் சொல்லாமல் பங்கைச் சம்பளத்துக்கு ஈடாகக் காட்டுவது தவறு. எங்களிடம் பங்கு, சந்தைச் சம்பளத்துக்கு மேலே தரப்படுவது.

இதையெல்லாம் பெங்களூரில் செய்திருந்தால் எளிதாக இருந்திருக்குமா?

முதலீடு எளிதாகக் கிடைத்திருக்கும். ஆனால் எங்கள் வாடிக்கையாளர்கள் இங்கே இருக்கிறார்கள்.

மென்பொருளைத் தமிழில் தருவது அவசியமா?

உரிமையாளர் ஆங்கிலத்தில் பயன்படுத்திவிடுவார். பொருளை எடை போட்டு உள்ளே எடுப்பவரும், மெஷினில் எத்தனை உருப்படி ஓடியது என்று பதிபவரும் வேறு ஆட்கள். அவர்கள் தமிழில் பதியலாம் என்றானபின், மேற்பார்வையாளர் மாலையில் உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளைப் பார்த்துப் பதியும் வழக்கம் குறைந்து, எந்திரத்தின் அருகிலேயே பதிவு நடக்கிறது. பதிவு உடனுக்குடன் நடந்தால்தான் ஸ்டாக் சரியாக இருக்கும். ஆக, இது மொழிப் பற்றால் மட்டும் செய்ததல்ல. கணக்கு சரியாக இருப்பதற்கே தேவைப்பட்டது. இன்று பட்டறைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பலர் இருப்பதால் இந்தியிலும் தருகிறோம்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு சேவைப் பிரிவுக்கு ஆட்கள் எதற்கு?

விற்பனைப் பில்லை அரசின் இணையத் தளத்தில் பதிவு செய்யும் மின்-விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் வணிகம் செய்பவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு மேற்பட்டவர்கள் வரை வந்தது. ஒவ்வொரு முறை அந்த எல்லை இறங்கியபோதும், அதுவரை இதைப் பற்றிக் கேள்விப்பட்டிராத ஆயிரக்கணக்கான சிறு தொழிலகங்கள் உள்ளே வந்தன. விதி என்ன, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பவற்றுக்கு இயந்திரம் விடை சொல்லட்டும். நள்ளிரவிலும் சொல்லும் என்பதால் அதை நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் தவறான பில்லோடு லாரி வழியில் வரிச் சோதனையில் நிற்கும்போது அழைப்பவருக்கு வேண்டியது, தம் நிலையை உணர்ந்து, பொறுப்பேற்று, ஒரு முடிவைச் சொல்லும் மனிதர். இயந்திரம் மிச்சப்படுத்திய நேரத்தைக் கொண்டு ஆட்களைக் குறைக்காமல், அவர்களை வாரந்தோறும் பட்டறைகளுக்கு அனுப்புகிறோம். சேவைப் பிரிவினரின் எண்ணிக்கையைக் குறைப்பதே இதன் பயன் என்று நினைக்கும் நிறுவனங்கள், வாடிக்கையாளரைப் பற்றி அறிந்துகொள்ளும் ஒரே வாசலைத் தாமே மூடிக்கொள்கின்றன என்றே கருதுகிறேன்.

பெரிய நிறுவனங்கள் பணம் தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வது?

எங்கள் வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது; மென்பொருளுக்கு வெளியே இருந்தாலும் விடை சொல்லாமல் இருக்க முடிவதில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒன்றிய அரசின் உத்யம் தளத்தில் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். முறையீட்டை இதற்கான அரசின் இணையத் தளத்தில் பதியலாம். ஆனால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சத்தால் பலர் பதிவதில்லை. சட்டத்தின் துணை இருந்தும் ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பவரால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அதனால் எங்கள் மென்பொருளில், மொத்த விற்பனையில் எத்தனை விழுக்காடு ஒரே நிறுவனத்துக்குப் போகிறது என்பது முதல் திரையிலேயே தெரியும்.

சொந்தமாகத் தொடங்க நினைப்பவர் முதல் வாடிக்கையாளரிடம் பணம் வாங்க வேண்டுமா, இலவசமாகக் கொடுக்க வேண்டுமா?

வாங்க வேண்டும், தொகை சிறியதாக இருந்தாலும். இலவசமாகப் பெற்றவர் குறை சொல்லத் தயங்குவார். பயன்படாவிட்டால் சத்தமில்லாமல் ஒதுக்கி வைத்துவிடுவார். பணம் கொடுத்தவர் அழைத்துக் கேட்பார். அந்த அழைப்பை முதல் ஓராண்டுக்கு நிறுவனரே எடுக்க வேண்டும். முதல் ஊழியரைச் சேர்க்கும்போது, அழைப்பை எடுக்கும் வேலையோடு பணத்தைத் திருப்பித் தரும் உரிமையையும் அவரிடம் கொடுத்துவிட வேண்டும். விலையைத் தீர்மானிக்கும் முன், உங்கள் மென்பொருள் இல்லாததால் அவர் இன்று மாதந்தோறும் எவ்வளவு இழக்கிறார் என்பதை அவருடைய வாயாலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாதச் சந்தா அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால், அம்பத்தூரில் உள்ள எந்தப் பட்டறை உரிமையாளரும் அடுத்த கேள்வியாக எப்போது தொடங்கலாம் என்றுதான் கேட்பார்.